அடுப்பங்கரையும் அச்சுக்கூடமும்

(வை.மு. கோதைநாயகி அம்மாள் வாழ்க்கை வரலாறு)



பேரவை மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவருடைய வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதும் எங்கள் வகுப்பில் ஒரே போட்டி. அப்துல் கலாமை நாலு பேர் எடுத்துக்கொண்டார்கள். பாரதியாருக்கு ரெண்டு பேர். காமராசருக்கு ஒருத்தர். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறோம் என்பதால் மைக்கேல் ஃபாரடேயையும் ஒருத்தர் விடவில்லை! நான் வை.மு. கோதைநாயகி அம்மாள் என்று பெயர் கொடுத்தேன். யாருப்பா அது என்று பக்கத்து பெஞ்சில் கேட்டார்கள்.

யார் அவர்? 115 நாவல்கள் எழுதியவர். 'ஜகன்மோகினி' என்ற மாதப் பத்திரிகையை ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தியவர். மேடைப் பேச்சாளர். பாடகி. காந்தியடிகள் வழியில் போராடிச் சிறை சென்ற தியாகி. இவ்வளவுக்கும் அவர் பள்ளிக்கூட வாசற்படியை மிதித்தது கிடையாது. ஒரு காலத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளில் எல்லாம் தெரிந்திருந்த பெயர், இன்று நம் வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதற்காகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டையும் கவனித்துக்கொண்டு, எழுதவும் எழுதி, அது அச்சில் வருவதையும் பார்க்க ஒரு பெண்ணால் முடியுமா? இந்தக் கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வி. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவர் கதை.

ஐந்தரை வயதில் மணப்பெண்

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி பிறந்தார். தந்தை வெங்கடாச்சாரியார், தாய் பட்டம்மாள். காஞ்சிபுரம் பக்கத்து வைணவக் குடும்பம். குழந்தைக்கு ஒரு வயது இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். பாட்டியும் சிற்றப்பாவும் சித்தியும்தான் வளர்த்தார்கள்.

1907ல் கல்யாணம்! அப்போது அவருக்கு ஐந்தரை வயது. மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. திருவல்லிக்கேணியில் இருந்த வைத்தமாநிதி முடும்பைக் குடும்பத்தைச் சேர்ந்த பையன். அந்தக் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகள்தான் வை.மு. என்று கோதைநாயகியின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டன. ரெண்டு பேரையும் இன்றைய கணக்குப்படி பார்த்தால் ஒருவர் ஒண்ணாங்கிளாஸ், இன்னொருவர் நாலாங்கிளாஸ்.

இதைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் அன்றைக்கு அது ஊர் வழக்கம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929ல்தான் வந்தது. அதிலும் பெண்ணுக்கு 14 வயது ஆனால் போதும் என்றுதான் இருந்தது. படிப்பு நிலையோ இன்னும் மோசம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் நூறு பெண்களில் ஒருவருக்குக்கூட எழுத்து தெரியாது.

பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் அவர் காதில் நல்ல தமிழ் விழுந்துகொண்டே இருந்தது. வளர்த்த சிற்றப்பா ஆழ்வார் பாசுரங்களையும் கம்பராமாயணத்தையும் சொல்லிக் கொடுத்தார். புகுந்த வீட்டில் மாமியாரிடம் தெலுங்கு கற்றுக்கொண்டார். சங்கீதமும் வந்தது. கணவருக்கு நாடகம் பார்ப்பதில் பிரியம். மனைவியையும் கூட்டிக்கொண்டு போவார். பார்த்த நாடகத்தை அம்மாள் மனதில் வைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கும் குழந்தைகளையும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் உட்கார வைத்துக் கதை கதையாகச் சொல்வார். இப்படித்தான் ஒரு கதாசிரியை உருவானார். காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. வாயும் காதும் மட்டும்தான்.

சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்

சொல்லிச் சொல்லி ஒரு நாடகமே மனதில் தயாராகிவிட்டது. ஆனால் அதை எழுதுவது எப்படி? அம்மாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. தோழி ஒருத்தி இருந்தார். அவர் பெயரும் பட்டம்மாள். (பெற்ற தாயின் பெயரும் அதுவே என்பதைக் கவனியுங்கள்.) கோதைநாயகி சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். அதுதான் 'இந்திர மோகனா' என்ற நாடகம். 1924ல் புத்தகமாக அச்சாகி வந்தது. பத்திரிகைகள் பாராட்டின.

பாருங்கள் நண்பர்களே! தன் கையால் எழுதப் பழகாத ஒரு பெண்ணின் முதல் புத்தகம் அச்சேறிவிட்டது. மகாபாரதத்தை வியாசர் சொல்லப் பிள்ளையார் எழுதினார் என்று நாம் கதை கேட்டிருக்கிறோம். திருவல்லிக்கேணி வீட்டுக்குள் ரெண்டு பெண்கள் அதே வேலையைச் செய்தார்கள். பிள்ளையாரை எல்லோருக்கும் தெரியும். பட்டம்மாளைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இந்தத் தோழியைப் பற்றி இன்னும் நாலு வரி கிடைக்காதா என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன். கதை எழுதினவரைக் கொண்டாடும்போது, கை கொடுத்தவரையும் ஒரு நிமிஷம் நினைக்கலாம்.

கதை சொல்லிக்கொண்டே கோதைநாயகி எழுதவும் பழகிக்கொண்டார். அதாவது, எழுத்தாளர் ஆன பிறகுதான் எழுதவே கற்றுக்கொண்டார்! தமிழில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லலாம்.

சின்ன வெற்றியும் பெரிய துணிச்சலும்

அடுத்து ஒரு நாவல், 'வைதேகி'. அந்தக் காலத்தில் துப்பறியும் நாவல்களால் பெரிய பெயர் வாங்கியிருந்தவர் வடுவூர் துரைசாமி அய்யங்கார். 'மனோரஞ்சனி' என்ற இதழை நடத்தினார். அவர்தான் கோதைநாயகியின் எழுத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுத்து ஊக்கப்படுத்தியவர். நின்றுபோன ஒரு பத்திரிகை இருக்கிறது, அதை எடுத்து நடத்துங்களேன் என்று யோசனை சொன்னவரும் அவரே. அந்தப் பத்திரிகைதான் 'ஜகன்மோகினி'. 1925ல் அது அம்மாள் கைக்கு வந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். அவர் கையில் இருந்த வெற்றி என்ன? ஒரு நாடகம், ஒரு நாவல். அவ்வளவுதான். வயது 24 ஆகவில்லை. அவருக்கு முன்பே தமிழில் பண்டிதை விசாலாட்சி அம்மாள் போன்ற பெண்கள் நாவல் எழுதியிருக்கிறார்கள், பத்திரிகையும் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் நின்றுபோன பத்திரிகையை விலை கொடுத்து வாங்குவது என்பது, ஓடாத பஸ்ஸை வாங்கி ரூட்டில் விடுவது மாதிரி. ஒரு மாதம் இரண்டு மாதம் ஓட்டிவிடலாம். சந்தா வராவிட்டால் கைக்காசு போகும்.

அந்தக் காலத்து அச்சு வேலை எப்படி என்று நாம் தெரிந்துகொண்டால்தான் அவர் துணிச்சல் புரியும். நாம் கம்ப்யூட்டரில் தட்டினால் எழுத்து வருகிறது. அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தும் ஈயத்தில் வார்த்த அச்சு. கம்பாசிட்டர் பெட்டி பெட்டியாக இருக்கும் எழுத்துகளில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோக்க வேண்டும். கோத்ததைப் புரூப் எடுத்து, பிழை பார்த்து, திருத்தி, பக்கம் கட்டி, மை தடவி அச்சடிக்க வேண்டும். நம் தமிழுக்கு இருக்கிற எழுத்துகளின் எண்ணிக்கைதான் உங்களுக்குத் தெரியுமே! பிறகு பைண்டிங், விலாசம் எழுதுதல், தபால் தலை ஒட்டுதல், வி.பி.பி. அனுப்புதல். அடுத்த மாதத்துத் தொடர்கதை அத்தியாயத்துக்கு மட்டும் தேதி தள்ளிப்போகவே கூடாது. வாசகர் காத்திருப்பார்.

'வைதேகி' அந்த இதழில் தொடராக வந்தது. சந்தா ஏறியது. பத்திரிகை நின்றது என்றால், கீழே விழாமல் நின்றது! தன் கதைகளுக்கு மட்டும் அம்மாள் அதை வைத்துக்கொள்ளவில்லை. எழுத ஆசைப்பட்ட மற்ற பெண்களுக்கும் அதில் இடம் கொடுத்தார். பிற்பாடு சொந்த அச்சகமே வைத்துக்கொண்டார்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? குடும்பப் பெண் கதை எழுதுவதா, அதுவும் காதல், துப்பறிதல் என்று எழுதுவதா என்று ஏச்சும் பேச்சும் கிளம்பின. பெண் எழுதினால் அது அவள் எழுதியதாக இருக்காது, எவரோ எழுதிக் கொடுத்தது என்பார்கள். இல்லாவிட்டால் அவள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். இந்த இரண்டும் அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அம்மாள் பதில் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. அடுத்த மாத இதழை அனுப்பினார்.

எங்கள் வீட்டு நடப்பு

இந்த இடத்தில் என் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவார். அம்மா பருவத்தில் புளி தட்டும் வேலைக்குப் போவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மற்ற நாளில் கிடைத்த வேலை. ஒரு தம்பி, ஒரு ஆயா, ரெண்டு மாடு. காலையில் தண்ணி பிடித்து, சோறாக்கி, சாணி வாரிப் போட்டுவிட்டு ஏழரை பஸ்ஸைப் பிடித்தால்தான் கல்லூரிக்கு நேரத்துக்கு வர முடியும். சாயந்திரம் திரும்பினால் மறுபடியும் அதே. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் என் நேரம். அதில் ரெக்கார்டு நோட்டும் எழுத வேண்டும், கதையும் எழுத வேண்டும்.

என் வெற்றிகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு நாளிதழ் இணைப்பில் எட்டு வரிக் கவிதை ஒன்று. ஒரு மாத இதழில் ரெண்டு பக்கக் கதை ஒன்று. கதைக்கு 300 ரூபாய் வந்தது. இன்னொரு இதழ் கதையைப் போட்டுவிட்டு, புத்தகம்கூட அனுப்பவில்லை. அவ்வளவுதான் கணக்கு! ஆனால் அந்த ரெண்டு பக்கத்தை அப்பா மடித்துச் சட்டைப் பையில் வைத்து பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். என் பெயர் எது என்று கேட்டு அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

எல்லாரும் அப்படி இல்லை. பொம்பளப் புள்ள பேரு பேப்பர்ல வந்தா நாளைக்கு சம்பந்தம் பேசறப்ப கேள்வி வரும் என்று மாமா சொல்கிறார். டிப்ளமோ முடிந்ததும் ஒரு ஜாதகம் பார்க்கலாம் என்றும் பேச்சு இருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் எழுதிக்கலாமே, யார் வேணாங்கறா என்று ஆயா கேட்கிறார். அது நடக்குமா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் கல்யாணத்துக்கு அப்புறம் எழுதிக் காட்டிய ஒருவரின் வாழ்க்கையைத் தேடிப் பிடித்துப் படித்தேன்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே எழுத்தறிவில் கடைசியாக வந்தது நம் தருமபுரி. பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது. ஆகவே இது என் ஒருத்தியின் கேள்வி என்று நான் நினைக்கவில்லை. நம் வகுப்பில் உள்ள பல தோழிகளின் கேள்வி இது.

பட்டை விட்டார், கதர் கட்டினார்

1925 அம்மாளின் வாழ்க்கையில் இன்னொரு விதத்திலும் முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு காந்தியடிகள் சென்னைக்கு வந்தார். அம்மாள் அவரைப் பார்க்கப் போனார். அதுவரை பட்டுப்புடவையும் வைரமும் நகையுமாக இருந்தவர், தாலியைத் தவிர மற்றதை எல்லாம் விட்டுவிட்டுக் கதர் கட்டத் தொடங்கினார். கடைசி வரை மாறவில்லை.

அதே 1925ல்தான் நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் தியாகி சுப்பிரமணிய சிவா காலமானார், ஜூலை 23ஆம் தேதி. அவரும் பத்திரிகை நடத்தியவர்தான். 1913ல் 'ஞானபானு' என்ற இதழைத் தொடங்கினார். சிறையில் தொழுநோய் வந்து, ரயிலில் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்ட பிறகும் கால்நடையாக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் உள்ள அவர் நினைவிடத்துக்கு நம்மில் பலர் பள்ளி நாட்களில் போயிருப்போம். ஒருவர் வீட்டை விட்டு வெளியேறி நாடெங்கும் நடந்து எழுதினார். இன்னொருவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே நாட்டுக்கு எழுதினார். இரண்டு வழியும் அந்தக் காலத்தில் இருந்திருக்கின்றன.

ஆனால் அம்மாள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடவில்லை. அம்புஜம்மாள், ருக்மிணி லட்சுமிபதி போன்றவர்களோடு சேர்ந்து காங்கிரஸ் பணியில் இறங்கினார். கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணிக்கடை மறியல் என்று தெருவில் நின்றார். 1930களின் தொடக்கத்தில் சிறைத் தண்டனை கிடைத்தது. அபராதம் கட்ட மறுத்ததால் தண்டனை இன்னும் நீண்டது.

சிறைக்குப் போனால் பத்திரிகை என்ன ஆவது? கணவர் பார்த்தசாரதி பார்த்துக்கொண்டார்! உள்ளேயும் அம்மாள் சும்மா இருக்கவில்லை. கூட இருந்த கைதிப் பெண்களின் கதைகளைக் கேட்டார். சிறை நாட்களின் பயனாகக் கிடைத்தவை என்று 'உத்தமசீலன்', 'சோதனையின் கொடுமை' ஆகிய நாவல்களைச் சொல்கிறார்கள். சின்ன வயதில் குழந்தைகளுக்குக் கதை சொன்னவர், சிறையில் மற்றவர் கதையைக் கேட்பவராக ஆனார்.

மேடையில் ஏறினால் பாட்டும் பேச்சும் கலந்து வரும். சத்தியமூர்த்தி, ராஜாஜி, காமராசர் காலத்துக் காங்கிரஸ் கூட்டங்களில் அவருக்குத் தனி மதிப்பு இருந்தது. நாவல்களில் குழந்தைத் திருமணத்தால் வரும் துன்பம், விதவைகளின் நிலை, வரதட்சணை, குடிப்பழக்கம் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். ஐந்தரை வயதில் தாலி கட்டிக்கொண்டவருக்கு அதைப் பற்றி எழுத யாரும் சொல்லித் தர வேண்டுமா?

அவர் கதைகள் சினிமாவாகவும் வந்தன. 1937ல் 'ராஜமோகன்', 1938ல் 'அனாதைப் பெண்'. அவர் மறைந்த பிறகு 1966ல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் பத்மினி நடித்து வெளிவந்த 'சித்தி' படமும் அவருடைய 'தயாநிதி' நாவல்தான். நம் வீட்டுப் பெரியவர்களிடம் கோதைநாயகி என்றால் தெரியாது. 'சித்தி' படம் என்று கேட்டுப் பாருங்கள், எம்.ஆர். ராதா நடிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள்!

எப்படி முடிந்தது?

மாதம் தவறாமல் பத்திரிகை, 115 நாவல்கள், கூட்டங்கள், மறியல், பாட்டு. இத்தனையும் ஒரு குடும்பத் தலைவியால் எப்படி முடிந்தது? இதுதான் நான் தெரிந்துகொள்ள நினைத்தது. படித்ததை வைத்து எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, கணவர். மனைவி கதை சொன்னால் காது கொடுத்தார், நாடகத்துக்குக் கூட்டிப் போனார், பத்திரிகை வாங்கத் துணை நின்றார், அவர் சிறையில் இருந்தபோது பொறுப்பை ஏற்றார். 1920களில் இப்படி ஒரு கணவர் என்றால் சாதாரணமா?

இரண்டு, தோழி. எழுதிக் கொடுக்க ஒரு கை கிடைத்தது.

மூன்று, இடம். பத்திரிகை வேலை வீட்டோடு சேர்ந்தே நடந்தது. வீடு வேறு, வேலை வேறு என்று ரெண்டு பஸ் மாற வேண்டியிருக்கவில்லை.

நான்காவதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வசதி. அவர் பட்டையும் வைரத்தையும் துறந்தார் என்றால், துறக்க அவரிடம் அவை இருந்தன. மறுநாள் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலை அவருக்கு இல்லை. வை.மு.கோ.வைப் போல நீயும் எழுது என்று எங்கள் அம்மாவிடம் யாராவது சொன்னால், அப்போ புளியை யார் தட்டறது என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. ஆகவே ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்து அப்படியே நடந்துவிட முடியாது. அதிலிருந்து நமக்கு ஆகிறதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஆகிறது எது? அவருடைய வசதி எனக்கு வராது. ஆனால் பட்டம்மாளுடைய கை என்னிடம் இருக்கிறது. புளி தட்டும் களத்தில் எங்கள் அம்மா சொல்லாத கதையா? பேய் பிடித்த கிணறு, பஞ்சத்தில் மாடு விற்ற கதை, பதினாலு வயதில் தனக்குக் கல்யாணம் நடந்த கதை எல்லாம் சொல்வார். கூட உட்கார்ந்திருக்கும் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இதுவரை நான் என் கதையை மட்டும்தான் எழுத நினைத்தேன். இந்த வரலாற்றைப் படித்த பிறகு அம்மா சொல்வதையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற 1000 ரூபாயில் பஸ், ஜெராக்ஸ் செலவு போக ஒரு நீள நோட்டு வாங்கினேன். இதுவரை 22 பக்கம் ஆகியிருக்கிறது. அச்சில் வந்தால் அம்மா பெயரில்தான் வர வேண்டும். மாமாவிடமும் சொல்லிவிட்டேன். பெண் பார்க்க வருகிறவர்கள் என் பெயரை மட்டும் கேட்டால் போதாது, இந்த நோட்டையும் பற்றிக் கேட்க வேண்டும் என்று. அவர் முதலில் முறைத்தார். பிறகு, அந்த மாடு விற்ற கதையில் தானும் இருந்ததாகவும் அதைச் சரியாக எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்!

கடைசிக் காலம்

சுதந்திரத்துக்குப் பிறகும் அம்மாள் ஓயவில்லை. காந்தியடிகள் மறைந்த 1948ல் மகாத்மாஜி சேவா சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கிப் பெண்களுக்கும் ஏழைகளுக்கும் தொண்டு செய்தார். தியாகி என்ற முறையில் அரசாங்கம் கொடுத்த பத்து ஏக்கர் நிலத்தை வினோபாவின் பூதான இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் இருந்தார்.

1956ல் பேரிடி விழுந்தது. ஒரே மகன் சீனிவாசன் இறந்துபோனார். எவ்வளவோ ஏச்சையும் சிறையையும் தாங்கியவருக்கு இதைத் தாங்க முடியவில்லை. உடல் நலிந்தது. காசநோய் வந்தது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி தம் 58ஆம் வயதில் காலமானார். அவரோடு 'ஜகன்மோகினி'யின் காலமும் முடிந்தது.

இலக்கிய விமர்சகர்கள் அவருடைய நாவல்களைப் பெரிய இலக்கியம் என்று சொல்வதில்லை. பொழுதுபோக்குக் கதைகள், நீதி சொல்லும் கதைகள் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் சமையல்கட்டில் இருந்த எத்தனையோ பெண்கள் எழுத்துக்கூட்டிப் படித்தது இந்த மாதிரிக் கதைகளைத்தானே? அடுத்த மாதம் என்ன ஆகும் என்று காத்திருந்து படித்தவருக்குப் படிப்பு ஒரு பழக்கமாக ஆகிவிடும். பழக்கம் ஆனபிறகு அவர் எதையும் படிப்பார். தன் மகளையும் படிக்க விடுவார். இதையும் ஒரு சேவையாகத்தான் நான் நினைக்கிறேன்.

தோழர்களே, தோழிகளே!

நம்மில் எழுத ஆசைப்படுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் கவிதை எழுதிக் கிழித்துப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். கிழிக்காதீர்கள். எட்டு வரி வந்தாலும் வெற்றி வெற்றிதான். வை.மு.கோ. ஆரம்பித்ததும் ஒரு நாடகத்தில்தான்.

எழுத வராதவர்கள் எழுதுகிறவருக்குக் கை கொடுங்கள். தங்கையோ அக்காவோ எழுத உட்கார்ந்தால், அந்த ஒரு மணி நேரம் தண்ணிக் குடத்தை நீங்கள் தூக்குங்கள். ஆண் நண்பர்களே, இதை முக்கியமாக உங்களுக்குத்தான் சொல்கிறேன். நாளைக்கு நீங்களும் ஒரு வீட்டுக்குக் கணவர் ஆகப் போகிறவர்கள். பார்த்தசாரதியின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் பெரியவர்களில் எழுதத் தெரியாதவர் ஒருவராவது இருப்பார். இந்த விடுமுறையில் ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டுப் பேரவை மலரில் அதற்கென்று நாலு பக்கம் ஒதுக்கித் தரும்படி மலர்க் குழுவை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க வை.மு. கோதைநாயகி அம்மாள் புகழ்! வாழ்க அவருக்கு எழுதிக் கொடுத்த பட்டம்மாள்!



– மூன்றாமாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை